தண்ணி எங்கதான் போகுது? எங்க வீட்டு மாருதி 800 காரோட ஹீட்டிங் கம்ப்ளைன்ட்

போன வருஷம் ஆடி 18க்கு கொல்லிமலை கிளம்பினோம். நான், அப்பா, அம்மா, அத்தை நாலு பேரு. அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டு சோளக்காட்டுல அன்னாசியும் மிளகும் வாங்கிக்கிட்டு இருட்டறதுக்குள்ள இறங்கிடலாம்னு பேச்சு. நாமக்கல்லேருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி அடிவாரம் வரைக்கும் டெம்பரேச்சர் முள்ளு பாதிக்குக் கீழயே ஆடாம நின்னுச்சு, அதைப் பாத்து நான் கொஞ்சம் நிம்மதியாவும் இருந்தேன், ஏன்னா அதுக்கு முன்னாடி மூணு மாசமா அந்த வண்டி தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மலை ஏற ஆரம்பிச்சதும் கதை மாறிடுச்சு. அங்க 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருப்பாங்க, திருவிழா கூட்டம் வேற, முன்னாடி ஒரு மினி பஸ்ஸு ஊர்ந்துக்கிட்டே போகுது, ஃபர்ஸ்ட்டும் செகண்டுமா மாத்தி மாத்தி ஏறிக்கிட்டு இருக்கேன், 38வது வளைவுல முள்ளு பாதியைத் தாண்டுச்சு, 44ல சிவப்பைத் தொட்டுடுச்சு. ஏசி அப்பவே ஆஃப். ஓரமா இடம் கிடைச்ச உடனே நிறுத்திட்டேன், பானெட் ஓரத்துல புகை மாதிரி ஆவி வருது, அத்தை பயந்து கதவைத் திறந்து இறங்கிட்டாங்க.

அப்பா உடனே துண்டை எடுத்துக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனாரு. கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: சூடா இருக்கறப்ப அந்த மூடியைத் தொடவே தொடாதீங்க. உள்ள இருக்கற தண்ணி 100 டிகிரிக்கு மேல இருந்தும் கொதிக்காம இருக்குன்னா அது அழுத்தத்துல அடைஞ்சு கிடக்கறதாலதான், மூடியைத் திருகின அந்த நொடியே அழுத்தம் விட்டுப் போய் கொதிக்கற தண்ணியும் ஆவியுமா மூஞ்சிக்கு நேரா பாயும். துண்டு போட்டா தாங்காது. ரேடியேட்டரோட மேல் பக்கத்து ரப்பர் ஓஸைக் கையால அமுக்கிப் பாத்து அது மெத்துன்னு ஆகறவரைக்கும், தொட்டா சுடாத அளவுக்கு ஆறற வரைக்கும், முக்கா மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகட்டும், உக்காந்திருக்கணும். நாங்களும் உக்காந்தோம். அதுக்கப்புறம் திறந்து பாத்தா ரேடியேட்டர்ல தண்ணி கண்ணுக்கே தெரியல. ஆனா பக்கத்துல இருக்கற ரிசர்வ் டப்பா கழுத்து வரைக்கும் நிறைஞ்சு இருக்கு!

அந்தக் காட்சிதான் இந்தப் பதிவை எழுத வெச்சது. அன்னைக்கு அது எனக்குப் புரியல, புரிஞ்சிருந்தா அதுக்கப்புறம் பட்டறை பட்டறையா அலைஞ்சிருக்க வேண்டாம்.

வண்டி பத்தி ரெண்டு வார்த்தை. 2003 மாடல் மாருதி 800, மூணு சிலிண்டர், 796 சிசி, அப்பா புதுசா எடுத்த வண்டி. 15 வருஷம் முடிஞ்சு ரெண்டு தடவை எஃப்சி எடுத்து ரினீவல் பண்ணியாச்சு. 800ங்கற பேரு 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரியோட நின்னு போச்சு, ஆனா எங்க ஊர்ப் பக்கம் இன்னும் தினமும் ரெண்டு மூணு கண்ல படும். அன்னைக்கு வரைக்கும் எங்க வண்டி எங்களை நடுவழில விட்டதில்ல. தப்பு வண்டி மேல இல்ல, நாங்க அதுக்கு ஊத்தினது மேல, அதைப் பின்னாடி சொல்றேன்.

மலைக்குப் போறதுக்கு முன்னாடியே ரெண்டு இடத்துல காட்டியிருந்தோம். முதல் பட்டறைல ரேடியேட்டர் அடைச்சிருக்குன்னு சொல்லி புது ரேடியேட்டர் போட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு அதே கம்ப்ளைன்ட். ரெண்டாவது பட்டறைல தெர்மோஸ்டாட் வால்வைக் (இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வெச்சிருக்கறது) கழட்டிக் கையில கொடுத்துட்டாங்க, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு தம்பி, குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் இது வேணும்"னாங்க. மலைலேருந்து இறங்கி வந்தப்புறம் மூணாவது பட்டறைல பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) போச்சு, ஹெட்டை இறக்கி லேத்துல ஃபேஸ் அடிக்கணும் (அதோட முகத்தைச் சீவி மட்டமாக்கணும்), பதினெட்டாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் கூட ஒரு டெஸ்ட் பண்ணல. மூணு பேரும் அனுபவசாலிங்கதான், அவங்க சொன்ன ஒவ்வொண்ணும் வேற வண்டில உண்மையா இருந்திருக்கும். ஆனா என் வண்டில என்னன்னு யாரும் பாக்கலயே. அப்பா பதினெட்டாயிரத்துக்குத் தலையாட்டப் போனாரு, ஒரு வாரம் டைம் கொடுங்கப்பான்னு கேட்டு வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த ஒரு வாரத்துல நான் எனக்கே கேட்டுக்கிட்டது ஒரே கேள்விதான். தண்ணி குறையுது, சரி, குறையற தண்ணி எங்க போகுது? கூலிங் சிஸ்டம்ங்கறது மூடின வட்டம். அதுல ஓடற கூலன்ட் (இன்ஜின் சூட்டை வாங்கிக்கற திரவம்) பெட்ரோல் மாதிரி செலவாகற பொருள் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டப்பால ஒரு விரக்கடை இறங்குனா பரவால்ல, வாரம் அரை லிட்டர் ஊத்தறீங்கன்னா அது மூணே வழிலதான் போக முடியும்: வெளிய ஒழுகுது, இல்ல மூடி வழியா தள்ளுது, இல்ல இன்ஜினுக்கு உள்ள போய் எரிஞ்சு சைலன்சர் வழியாவோ ஆயிலோட கலந்தோ போகுது. இதுல எதுன்னு தெரியாம எந்தப் பார்ட்டை மாத்தினாலும் அது லாட்டரிச் சீட்டு வாங்கற மாதிரிதான்.

முதல்ல அளந்தேன். காலைல வண்டி ஐஸ் மாதிரி ஆறி இருக்கறப்ப ரேடியேட்டரைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, டப்பால மார்க்கரால கோடு போட்டு, கிலோமீட்டரை எழுதி வெச்சுக்கிட்டேன். ராத்திரி வண்டிக்கு அடில பழைய காலண்டர் அட்டை ரெண்டை விரிச்சு வெச்சேன். மூணு நாள், மொத்தம் 140 கிலோமீட்டர். ரேடியேட்டர்ல கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே குறைஞ்சிருந்துச்சு, டப்பால கோட்டுக்கு மேல ஏறியிருந்துச்சு, அட்டைல ஒரு சொட்டுக் கூட இல்ல. ஏசி தண்ணி மட்டும் ஒரு இடத்துல நனைச்சிருந்துச்சு. (ஏசி தண்ணியைப் பாத்து நிறைய பேர் பயந்துடறாங்க. விரல்ல தொட்டுப் பாருங்க, அது வெறும் தண்ணி, வாசனை இருக்காது. கூலன்ட்னா வழவழன்னு இருக்கும், லேசா இனிப்பு வாசம் அடிக்கும், கலரும் தெரியும்.)

கீழ சொட்டலைன்னதும் எனக்கும் மனசுல ஹெட் கேஸ்கெட் பயம் வந்துடுச்சு. அதனால அதை முதல்ல தீத்துடலாம்னு இறங்கினேன். டிப் ஸ்டிக்கை உருவிப் பாத்தேன், ஆயில் காப்பிக் கலர் ஆகல, பாலாடை மாதிரி எதுவும் ஒட்டல. ஆயில் ஊத்தற மூடியோட அடில மட்டும் லேசா வெள்ளையா இருந்துச்சு, ஆனா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது, சின்ன சின்ன தூரமா ஓட்டற வண்டில ஈரம் படிஞ்சும் அப்படி ஆகும், அதுலயும் என் வண்டில வால்வு இல்லாம இன்ஜின் சரியாவே சூடாகாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. அடுத்து ஸ்பார்க் பிளக் மூணையும் கழட்டிப் பாத்தேன், மூணும் ஒரே மாதிரி பழுப்பு. ஒரு சிலிண்டருக்குள்ள தண்ணி போய்க்கிட்டு இருந்தா அந்தப் பிளக் மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கும். சைலன்சர்ல காலைல கொஞ்ச நேரம் வர்ற வெள்ளைப் புகை எல்லா வண்டிலயும் வரும், இன்ஜின் சூடானப்புறமும் நிக்காம கெட்டியா இனிப்பு வாசத்தோட வந்தாத்தான் கவலைப்படணும், எனக்கு அப்படி இல்ல.

இதை விட நம்பகமான சோதனை ஒண்ணு வீட்லயே பண்ணலாம். ரிசர்வ் டப்பாக்குப் போற சின்ன ரப்பர் டியூப்பை டப்பாலேருந்து எடுத்து, தண்ணி நிரப்பின ஒரு பாட்டிலுக்குள்ள முனையை முக்கி வெச்சுட்டு, ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி விடுங்க. ஆரம்பத்துல தண்ணி விரிவடையறதால சில குமிழி வரும், அது சகஜம். ஆனா ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தா சிலிண்டர்ல எரியற கேஸ் நேரா தண்ணிப் பாதைக்குள்ள புகுந்துடும், குமிழி நிக்காம வந்துக்கிட்டே இருக்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த கூடும், ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துலயே மேல ஓஸு கல்லு மாதிரி ஆயிடும். தண்ணி சூடாகவே இல்ல, ஓஸு மட்டும் கல்லாயிடுச்சுன்னா அதுக்கு வேற காரணம் தேட வேண்டியதில்ல. சில பட்டறைல நீலக் கலர் திரவம் ஒண்ணு வெச்சிருப்பாங்க, ரேடியேட்டர் வாயில அந்தக் குழாயை வெச்சு உள்ள இருக்கற காத்தை இழுத்தா, எக்ஸாஸ்ட் கேஸ் கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். அது இருந்தா பண்ணிடுங்க, சந்தேகத்துக்கு இடமே இருக்காது. என் வண்டில அஞ்சாறு குமிழி வந்து அடங்கிடுச்சு, இருபது நிமிஷம் ஓட விட்டேன், அப்புறம் வரல. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினெட்டாயிரம் மிச்சம்னு அன்னைக்கே அவருக்குச் சொல்லிட்டேன்.

எப்ப சூடாகுதுங்கறதும் பெரிய துப்பு, இதை யாரும் என்கிட்ட கேக்கல. டிராஃபிக்ல நின்னா ஏறி, ரோட்ல ஓட ஆரம்பிச்சா இறங்குதுன்னா முதல்ல ஃபேனைப் பாக்கணும்: மோட்டாரு, ரிலே, ஃபியூஸ், தெர்மோ சுவிட்ச், ஒயரு. ஓடறப்ப எதிர்க்காத்து அந்த வேலையைச் செஞ்சுடும், நிக்கறப்ப ஃபேன் ஒண்ணுதான் கதி. அதுக்கு நேர்மாறா, நின்னா ஒண்ணுமில்ல, ஹைவேல நூறுல போறப்பவும் மலை ஏறறப்பவும் ஏறுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்பை எங்க ஊர் லாரிப் பட்டறைல இப்படித்தான் சொல்லுவாங்க), உள்ளுக்குள்ள சப்பையாகற கீழ் ஓஸு, தண்ணி அளவு, ஹெட் கேஸ்கெட்டுன்னு தேடணும், ஏன்னா அங்க இன்ஜின் உண்டாக்கற சூட்டை சிஸ்டத்தால வெளிய தள்ள முடியல. என் வண்டி ரெண்டாவது ரகம். வீட்டு வாசல்ல ஏசி போட்டு அரை மணி நேரம் ஐட்லிங்ல விட்டேன், ஃபேன் ஒழுங்கா வந்து வந்து போச்சு, முள்ளு அசையல.

இன்னொண்ணு, முள்ளையும் முழுசா நம்பிடாதீங்க. சென்சாரு தண்ணில முங்கி இருந்தாத்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணி மொத்தமா காலியாகி அது வெறும் ஆவில நிக்கறப்ப முள்ளு கீழ இறங்கக் கூட செய்யும், நம்ம "அப்பாடா ஆறிடுச்சு"ன்னு அழுத்துவோம், அங்க ஹெட்டு வளைஞ்சுக்கிட்டு இருக்கும். ஹீட்டர் இருக்கற வண்டினா அதைப் போட்டுப் பாருங்க: முள்ளு சிவப்புல இருக்கு, ஹீட்டர்ல குளிர்ந்த காத்து வருதுன்னா உள்ள தண்ணி இல்லன்னு அர்த்தம், அதுக்கப்புறம் அம்பது மீட்டர் கூட ஓட்டாதீங்க. அலுமினிய ஹெட்டு நம்ம நினைக்கறதை விட சீக்கிரம் வளையும். சின்ன இன்ஜின்ல ஹெட்டோட முகம் 0.05 மில்லிமீட்டர் கோணினாலே ஃபேஸ் அடிக்கச் சொல்லுவாங்க, அது ஒரு தலைமுடியோட கனம் கூட இல்ல.

சரி, இப்ப மூடிக்கு வர்றேன். பானெட்டுக்குள்ள இருக்கறதுலயே விலை கம்மியான பார்ட்டு, ஆனா என் கண்ணுக்கு ரொம்ப மதிப்பானது. பாத்தா வெறும் மூடி, ஆனா அதுக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. பெரிய ஸ்பிரிங்கோட இருக்கற வால்வு உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். மேல 0.9ன்னு போட்டிருந்தா வெளிக்காத்தை விட 0.9 மடங்கு கூடுதல் அழுத்தம் வர்ற வரைக்கும் திறக்காதுன்னு வெச்சுக்கோங்க. அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 118 டிகிரி கிட்டத்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா 125ஐயும் தாண்டும். மூடி விட்டுப்போச்சுன்னா 100லயே கொதிக்கும், மலை மேல போனா இன்னும் கீழ, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கணக்குல இறங்கும், கொல்லிமலை மாதிரி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்ல 96, 97லயே குமிழி விட ஆரம்பிச்சுடும். சமவெளில தாங்கின வண்டி மலைல ஏன் கொதிக்குதுன்னு இப்ப எனக்குப் புரியுது: ஏத்தத்துக்கு இன்ஜின் அதிகமா உழைக்குது, ஃபர்ஸ்ட் கியர்ல காத்து வர்றதில்ல, போதாக்குறைக்கு தண்ணியோட கொதிநிலையே கீழ வந்து நிக்குது.

மூடியோட ரெண்டாவது வால்வு நடுவுல இருக்கற சின்னத் தகடு. வண்டி சூடாகறப்ப விரிவடையற தண்ணி பெரிய வால்வு வழியா டப்பாக்குப் போகும், ஆறறப்ப ரேடியேட்டருக்குள்ள வெற்றிடம் உண்டாகி இந்தச் சின்ன வால்வு திறந்து டப்பாலேருந்து தண்ணியைத் திரும்ப இழுத்துக்கும். இது ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி போகும், திரும்பி வராது. காலைல பாத்தா மேல ஓஸு யாரோ மிதிச்ச மாதிரி சப்பையா இருக்கும். டப்பா நிறைஞ்சு ரேடியேட்டர் காலியா இருந்ததுக்கு அர்த்தம் இதுதான்னு நினைச்சேன், பாதி சரியாவும் இருந்துச்சு. என் மூடியைத் திருப்பிப் பாத்தா ரப்பர் வளையம் வெடிச்சுக் கல்லு மாதிரி கிடக்கு. முதல் பட்டறைல புது ரேடியேட்டர் போட்டவங்க பழைய மூடியையே எடுத்து மாட்டியிருந்தாங்க! கடைல அதே 0.9 மூடி 200 ரூபாய்க்குள்ளதான். வாங்கறப்ப மேல போட்டிருக்கற நம்பரைப் பாத்து அதேதான் வாங்கணும், ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு 1.1 வாங்கி மாட்டினா பழைய ஓஸும் ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்கும் தாங்காம விட்டுடலாம்.

புது மூடி போட்டேன். பிரச்சனை தீந்திருக்கணும், தீரல, அதிகமாச்சு. மூணு நாள்ல குறைஞ்ச அளவு ரெண்டே நாள்ல குறைஞ்சுது, டப்பா இப்பவும் கோட்டுக்கு மேல. எனக்கு ஒரு ராத்திரி தூக்கமே வரல. அப்புறம் யோசிச்சுப் பாத்தா அதுதான் நல்ல செய்தி. பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்கல, அதனால எங்கயோ இருக்கற சின்ன ஓட்டைல மெல்லக் கசிஞ்சுது, இப்ப மூடி ஒழுங்கா அழுத்தத்தைப் பிடிக்குது, அதே ஓட்டைல வேகமா போகுது. டப்பாலேருந்து ஏன் திரும்ப இழுக்கலன்னும் விளங்கிடுச்சு: ஆறறப்ப உண்டாகற வெற்றிடம் டப்பாத் தண்ணியை இழுக்கறதுக்கு பதிலா அந்த ஓட்டை வழியா காத்தை இழுத்துக்குது. ஆக ஓட்டை இருக்கு, வெளியதான் இருக்கு, ஆனா கீழ சொட்டல. சொட்டாம எங்க போகும்? எக்ஸாஸ்ட் மாதிரி சூடான இடத்துல விழுந்தா விழுந்த உடனே ஆவியாயிடும்.

அப்பத்தான் பெரியப்பா பையன் மூலமா சேந்தமங்கலம் ரோட்ல லாரிக்கு வேலை பாக்கற ஒரு மெக்கானிக் அண்ணாகிட்டப் போனேன். அவர்கிட்ட பிரஷர் டெஸ்டர் இருந்துச்சு. சைக்கிளுக்குக் காத்தடிக்கற மாதிரி கைப்பம்ப்பு, அதுல ஒரு மீட்டரு, ரேடியேட்டர் வாயில மூடிக்கு பதிலா அதை மாட்டிடணும். நான் எழுதி வெச்சிருந்த நோட்டை அவர்கிட்ட நீட்டினேன், அஞ்சு நிமிஷம் நிதானமா படிச்சாரு, "எழுதிக்கிட்டு வந்தீங்க பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது தம்பி"ன்னாரு. ஆறின வண்டில 0.9 வரைக்கும் அடிச்சு நிறுத்தினாரு. பத்து நிமிஷத்துல முள்ளு 0.7க்கு வந்துடுச்சு. இன்ஜின் ஓடல, சூடு இல்ல, அதனால ஆவியாகவும் வழியில்ல, போற தண்ணி தண்ணியாவே இருந்தாகணும். என் பழைய மூடியையும் அதே டெஸ்டர்ல ஒரு அடாப்டர் வெச்சு மாட்டிப் பாத்தாரு, 0.4லயே விட்டுடுச்சு.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வெச்சு ஒவ்வொரு இடமா தடவிக்கிட்டே போனோம். ஓஸு, கிளாம்ப்பு, வாட்டர் பாடிக்கு அடில இருக்கற சின்ன ஓட்டை (உள்ள சீல் போனா அது வழியா கசிஞ்சு காட்டிக்கொடுக்கறதுக்குன்னே வெச்சிருக்காங்க, அங்க கறை இருந்தா பம்ப்பு கிளம்பிடுச்சுன்னு அர்த்தம், அதை எக்காரணம் கொண்டும் அடைக்காதீங்க), வண்டிக்குள்ள ஹீட்டருக்கு அடில கார்ப்பெட்டு, எல்லாம் காஞ்சு இருக்கு. நான் சலிச்சுப் போய் நிமிந்துட்டேன், அண்ணா விடல, போனை வீடியோல போட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் புகையை சைலன்சர் பக்கம் கொண்டு போற குழாய்) அடில கையை விட்டு எடுத்தாரு. வீடியோவைப் பெருசு பண்ணிப் பாத்தா பிளாக்குல வட்டமா பதிச்சிருக்கற ஒரு தகட்டோட ஓரத்துல வெள்ளையும் பழுப்புமா உப்பு பூத்திருக்கு, அதுக்கு நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஈரம். கோர் பிளக்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு: பிளாக்கை வார்க்கறப்ப உள்ள தண்ணிப் பாதை உண்டாக்க மணல் அச்சு வைப்பாங்க, வார்த்தப்புறம் அந்த மணலை வெளிய எடுக்கற ஓட்டைகளைத் தகட்டுக் கிண்ணி மாதிரி ஒண்ணை அடிச்சு மூடுவாங்க, அதுதான் இந்த பிளக். மெல்லிய இரும்புத் தகடு. கூலன்ட்ல துரு பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கும், ஒழுங்கா கூலன்ட் ஊத்திக்கிட்டு வந்தா இதுக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க என்ன ஊத்தினோம்? வீட்டு போர் தண்ணி. எங்க ஏரியா போர் தண்ணில சோப்பு நுரைக்காது, பக்கெட்ல வெள்ளையா உப்புப் படியும், அதே தண்ணியைத்தான் ஏழெட்டு வருஷமா பாட்டில் பாட்டிலா அப்பா ஊத்தியிருக்காரு, தண்ணி கூலன்ட்டை விட நல்லா சூடு வாங்கும்னு யாரோ சொன்னதை நம்பி. வெறும் தண்ணி சூட்டை நல்லா வாங்கும்ங்கறது உண்மைதான். ஆனா அது துருவை நிறுத்தாது, உப்பைச் சுவர்ல படிய விடும், படிஞ்ச உப்பு சூட்டைக் கடத்தாது, கொதிநிலையும் கம்மி. அப்பா மேல எனக்குக் கோவம் இல்ல, அவரு காலத்துல எல்லாரும் அப்படித்தான் ஓட்டினாங்க, ஆனா அந்தப் பிளக்கைத் தட்டி எடுத்தப்ப உள்ள இருந்து செங்காவிச் சேறு ஒரு கை அள்ற அளவுக்கு வந்துச்சு, அதைப் பாத்துட்டு அவரு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

மேனிஃபோல்டைக் கழட்டி, எட்டற பிளக் அத்தனையும் மாத்திடலாம்னு முடிவு பண்ணோம், ஒண்ணு துருப்பிடிச்சுருச்சுன்னா மத்ததும் அதே வயசுதானே. உள்ள தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அண்ணா கழுவி விட்டாரு. தெர்மோஸ்டாட் வால்வைத் திரும்பப் போட்டோம், இதுல நான் பிடிவாதமா இருந்தேன். அது இல்லாம சமவெளில இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் ஆறியிருக்குன்னு நினைச்சு பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும், லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 14க்கு வந்திருந்துச்சு, சில வண்டில பைபாஸ் பாதை மூடாம போய் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தி இன்னும் சூடாகும். பழைய வால்வு நல்லாருக்கான்னு வீட்லயே பாத்துடலாம், பாத்திரத்துல தண்ணி வெச்சு நூல்ல கட்டித் தொங்க விட்டு தெர்மாமீட்டரோட சூடு பண்ணுங்க, என் வால்வுல 82ன்னு போட்டிருந்துச்சு, 83 கிட்ட வாயைத் திறக்க ஆரம்பிச்சு 95க்குள்ள முழுசா திறந்துச்சு. ஆக அதுல ஒரு குறையும் இல்லாம இருந்துச்சு, சும்மா கழட்டிப் போட்டிருந்தாங்க.

கூலன்ட் வாங்கறப்ப ரெடி மிக்ஸா, கலக்கற ரகமான்னு டப்பால படிச்சுப் பாத்து வாங்குங்க, கலக்கறதுன்னா பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர்)தான், கம்பெனி புக்குல போட்டிருக்கற ரகம்தான், கலரை மட்டும் பாத்து பச்சையையும் சிவப்பையும் சேர்த்து ஊத்தாதீங்க. ஊத்தினப்புறம் காத்து எடுக்கறது முக்கியம். முன் சக்கரம் மேட்டுல இருக்கற மாதிரி நிறுத்தி, மூடியைத் திறந்து வெச்சு, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வெச்சு, ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, வால்வு திறந்து மட்டம் இறங்க இறங்க ஊத்திக்கிட்டே வரணும், கீழ் ஓஸு சூடாகி குமிழி நின்னப்புறம்தான் மூடணும். உள்ள காத்து சிக்கிக்கிச்சுன்னா எல்லாம் புதுசா போட்டும் ஹீட் ஆகும், அப்புறம் திரும்ப ஹெட் கேஸ்கெட்னு ஆரம்பிச்சுடுவாங்க.

வடிச்ச பழைய கூலன்ட்டை தயவுசெஞ்சு தெருவுலயோ சாக்கடைலயோ ஊத்தாதீங்க. இனிப்பா இருக்கறதால நாய், பூனை நக்கிடும், கொஞ்சம் போனாலே கிட்னி போய் செத்துடும். மூடின கேன்ல ஊத்தி பட்டறைல கொடுத்துடுங்க.

கடைசியா அண்ணா டெஸ்டரை மாட்டி 0.9 அடிச்சாரு. இருபது நிமிஷம். நாங்க மூணு பேரும் டீ குடிச்சுக்கிட்டே அந்த முள்ளையே பாத்துக்கிட்டு நின்னோம், ஒரு கோடு கூட இறங்கல. மொத்தச் செலவு லேபரோட சேர்த்து 3,400 ரூபாய் ஆச்சு.

தை மாசம் திரும்ப கொல்லிமலை போனோம், அதே நாலு பேரு, இந்தத் தடவை அத்தை முன்னாடி சீட்டு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. 44வது வளைவுல அப்பா எட்டி முள்ளைப் பாத்தாரு, பாதிக்குக் கீழ. 70லயும் அங்கேயேதான். மறுநாள் காலைல நான் எழுந்து வர்றதுக்கு முன்னாடியே பானெட்டு திறந்திருந்துச்சு, அப்பா டப்பாகிட்ட குனிஞ்சு நின்னு மார்க்கர் கோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, தண்ணி சரியா கோட்டுல நின்னுச்சு.